ஆய்வுரை வெளியீட்டில் அறம்

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படிப்போன் அதன்கண் கூறப்பட்டவற்றையெல்லாம் தானே சோதித்தறிதல் இயலாது. கட்டுரைக்கு ஆதாரமான ஏட்டுப்பிரதி எங்கோ ஒரு மடத்திற் கிடக்கும். கல்வெட்டு எங்கோ ஒரு கோயிற் சுவரில் இருக்கும். நோயாளர் எங்கோ ஒரு வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றுச் சென்றிருப்பர். எழுதியவன் கண்டேன் என்றால் அவன் கண்டான் என்றே கொள்கின்றோம். எண்ணினேன் என்றால் எண்ணினான் என்றே கொள்கின்றோம். சந்தையிற் பொருள் கொள்வோன் அதைக் கையிலெடுத்து நிறை பார்க்கலாம். கட்டுரை படிப்போனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின், எழுதுவோன், எழுதியதைச் சோதிப்போன், பதிப்போன் ஆகிய மூவரும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்கள் சில உள. அவற்றை வெளியீட்டறம் என ஈண்டு வழங்குவாம்.

நங் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியரும், பொறியியலாளரும், பல்கலைக்கழக விரிவுரையாளரும் பலர். அவர்கள் எழுதும் கட்டுரைகள் உள்நாட்டிலும் பிறநாடுகளிலும் வெளிவருகின்றன. அவர்களுக்கு இவ்வறத்தின் விதிகளை ஒரு தமிழாசிரியன் கற்பிக்கப் புகுதல் மிகையாகும். ஆயினும், இவ்விதிகள் மேனாட்டு விஞ்ஞானிகள் தமக்காக வகுத்துக்கொண்டவை, தமிழ் கற்பார்க்கு இவற்றால் ஆவதொன்றில்லை எனக் கருதுவார் நம்மிடையே உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், யாழ்ப்பாணத்தார் முன்னின்று நடத்திய தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே இவ்வறத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு உண்டு என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், ஆய்விதழ் என்பது யாதெனக் காண்போம். கற்றோர் தாம் புதிதாகக் கண்டவற்றைப் பிற கற்றோர்க்கு அறிவிக்கும் சஞ்சிகையே ஆய்விதழ். இலண்டனில் அரச கழகத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் என்பார் 1665 ஆம் ஆண்டில் தொடங்கிய இதழ் இவ்வகைச் சஞ்சிகைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதற்கு முன்னர் அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புக்களைத் தனிக் கடிதங்களில் எழுதினர். சிலர் பிறர் அறியாவண்ணம் மறைத்தும் வைத்தனர். இதழ் தோன்றிய பின்னர், யார் எதனை எப்பொழுது கண்டார் என்பது எல்லோர்க்கும் தெரியலாயிற்று. ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுப்பதற்கும் இடம் ஏற்பட்டது.

இன்று நன்முறையில் நடக்கும் ஆய்விதழ்களில் வழக்கம் இது. கட்டுரை கிடைத்ததும் பத்திராதிபர் அதனை அத்துறை வல்லார் இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவார். அவர்கள் அதனைப் படித்துக் குறைகளைக் குறித்து, ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், ஏற்றலாகாது என முடிபு கூறுவர். பல இதழ்களிற் சோதிப்போர் பெயர் எழுதியவனுக்குத் தெரியாது. சிலவற்றில் எழுதியவன் பெயரும் சோதிப்போர்க்குத் தெரியாது. முகம் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது என்பதே இதன் கருத்து.

இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. பழந்தமிழ் நூல் அவையில் அரங்கேறிய பின்னரே நூலாயிற்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதென அதன் பாயிரம் கூறும். சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியார் இன்னார் என நன்னூல் வரையறுத்திருக்கின்றது: நூல் செய்தோனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போரே அவர். எழுதியவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அவ்விதியின் உட்கிடை. பாயிரத்திற் கூற வேண்டியவற்றுள், செய்தோன் பெயரோடு, நூல் வந்த வழியும் ஒன்று. எந்த நூலின் வழி வந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். மேலும், நூலுக்குரிய மதம் ஏழனுள் உடன்படலும் மறுத்தலும் இருப்பது போலவே, பிறர்நூற் குற்றங்காட்டலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. குற்றங்காட்டல் பகைமையன்று, கல்வியின் ஓர் உறுப்பே என்பது நம் இலக்கண நூலார் துணிபு. கூறியது கூறல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்று. ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி இரண்டு இதழ்களுக்கு அனுப்புவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, மேலே குறித்த எடுத்துக்காட்டுக்கு வருவாம்.

சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையுடன் 1868 ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் வெளிவந்தது. ஆறுமுகநாவலர் பரிசோதித்ததென்றும், தாமோதரம்பிள்ளை பதிப்பித்ததென்றும் அப்பதிப்பு வழங்கும். பரிசோதித்தல் வேறு, பதிப்பித்தல் வேறு; இரண்டுக்கும் உரியாரை வேறுவேறாகக் கூறுதலே நேர்மை. இன்றைய ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில், இவர் தரவு சேர்த்தார், இவர் கணித்தார், இவர் எழுதினார் எனப் பகுத்துக் காட்டுமாறு கேட்பது இதனையேயாம்.

பின்னர்ப் பிள்ளையவர்கள் வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), கலித்தொகை (1887), இலக்கண விளக்கம், சூளாமணி (1889) முதலிய நூல்களைப் பதிப்பித்தார். அவற்றின் பதிப்புரைகளில், ஏடுகள் தமக்குக் கிடைத்த வரலாற்றையும், அவை ஒடிந்தும் சிதைந்தும் கிடந்த நிலைமையையும், தாம் பட்ட இடர்களையும் ஒளியாது உரைத்தார். படிப்போன் இப்பாடம் எத்துணை உறுதியானது என்பதைத் தானே நிதானிக்க அஃது உதவிற்று.

1885 ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அவர் வெளியிட்டார். அழிந்துபோகும் நிலையிலிருந்த பெருநூல் ஒன்று அதனாற் பிழைத்தது. பொருளதிகாரம் ஒன்பது இயல்களை உடையது. ஒன்பதுக்கும் அப்பதிப்பிற் கண்ட உரை நச்சினார்க்கினியருடையது என்றே அச்சிடப்பட்டது. ஏடுகளை ஒப்புநோக்கும் வாய்ப்புக் குறைந்த அக்காலத்தில் அவ்வாறு கொள்ள நேர்ந்தது வியப்பன்று. ஆயினும் உண்மை அதுவன்று. அகத்திணையியல் முதற் பொருளியல் ஈறாகிய முன்னைந்து இயல்களின் உரையே நச்சினார்க்கினியருடையது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கு அப்பதிப்பில் உள்ள உரை, அவருக்கு முற்பட்டவராகிய பேராசிரியர் இயற்றியது. பெரியார் ஒருவரின் உழைப்பு மற்றொரு பெரியாரின் பெயரிற் சென்றுவிட்டது.

இதனை எடுத்துக்காட்டியது ஓர் ஆய்விதழ். பாண்டித்துரைத் தேவர் 1901 இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், அடுத்த ஆண்டின் இறுதியிற் 'செந்தமிழ்' என்னும் மாத இதழைத் தொடங்கிற்று. அதன் முதற் பத்திராதிபராகிய ரா. இராகவையங்கார், பின்னான்கியலுரை பேராசிரியருரையே என்பதைச் சான்றுகள் காட்டி அவ்விதழில் நிறுவினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை வேறாக உண்டென்பதும், அது பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்தபோது யாவர்க்கும் தெளிவாயிற்று.

பிள்ளையவர்கள் 1901 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிற் காலமாயினார். ஆகவே, தம் பதிப்பிற் கண்ட தவற்றைத் தாமே திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அத்திருத்தத்தை நூல்வடிவில் நிலைநிறுத்தியோருள் மற்றொரு யாழ்ப்பாணத்தவரும் உளர். அவர் புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையர். செந்தமிழ் இதழில் இலக்கண ஆராய்ச்சிகளும் மறுப்புக்களும் எழுதிப் பழகியவர் அவர். சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தார் நா. பொன்னையா அவர்கள் வெளியிட, தொல்காப்பியம் முழுவதும் ஐயரவர்களின் உரைவிளக்கக் குறிப்புக்களுடன் வெளிவந்தது. எழுத்ததிகாரம் 1937 இலும், சொல்லதிகாரம் 1938 இலும் வந்தன. பொருளதிகாரம் இரண்டு பாகமாயிற்று. 1943 இல் வந்த பாகத்தின் பெயர் பின்னான்கியலும் பேராசிரியமும் என்பது. 1948 இல் வந்ததன் பெயர் முன்னைந்தியலும் நச்சினார்க்கினியமும் என்பது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பிழையின் திருத்தம் யாழ்ப்பாணத்து நூலொன்றின் தலைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கன சில உள. முதலாவது, பிழையைக் காட்டியவர் அதனை மறைவாகச் சொல்லாது, கற்றோர் யாவரும் படிக்கும் இதழிற் சான்றோடு சொன்னார். இரண்டாவது, அப்பிழையாற் பிள்ளையவர்களின் பெருமை குன்றவில்லை. 1885 ஆம் ஆண்டுப் பதிப்பு இல்லையேல் ஆராய்வதற்கு அச்சிட்ட உரையே கைக்கு எட்டியிராது. மூன்றாவது, தவறு அறியாது நேர்ந்தது. அறிந்து செய்த வஞ்சனை யாதும் அதில் இல்லை. வெளியீட்டறத்தின் முதற் பாடம் இதுவே: அறியாது நேர்ந்த தவறு இழுக்கன்று. அதனைக் கண்ட பின்னும் மறைத்தலே இழுக்கு.

தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொண்ட அறிஞரும் நம்மிடையே உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த கா. இந்திரபாலா, இலங்கைத் தமிழ்க் குடியேற்றங்களைக் குறித்து 1965 இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். அதன்பின் கிடைத்த தொல்லியற் சான்றுகளை நோக்கி, அவ்வேட்டிற் கண்ட முடிபுகள் பழமைப்பட்டுவிட்டன எனக் கருதி, 2005 இல் வெளியிட்ட நூலில் வேறு முடிபுகளை எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தம் சொல்லைத் தாமே திருத்துதற்குக் கல்வியோடு மனவலிமையும் வேண்டும்.

இனி, அறிந்து செய்யும் வஞ்சனையால் விளையும் தீங்கு எத்தகையது என்பதற்கு மேனாட்டுச் செய்தியொன்றைக் காட்டலாம். பிரித்தானிய வைத்திய இதழாகிய 'லான்செற்' 1998 ஆம் ஆண்டில் அன்ட்ரூ வேக்பீல்ட் முதலிய பதின்மூவர் எழுதிய கட்டுரையொன்றை வெளியிட்டது. பன்னிரண்டு குழந்தைகளை மாத்திரம் ஆராய்ந்த அக்கட்டுரை, சின்னமுத்து முதலிய மூன்று நோய்களுக்கு இடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசம் என்னும் நிலைக்கும் தொடர்பு உண்டு போலும் என்னும் அச்சத்தை விளைத்தது. தடுப்பூசிக்கு எதிராக வழக்காட முனைந்த சட்டத்தரணிகளிடமிருந்து வேக்பீல்ட் பணம் பெற்றிருந்தார். அதனை அவர் வெளியிடவில்லை. இச்செய்தி 2004 இற் பத்திரிகையாளர் ஒருவரின் முயற்சியால் வெளிப்பட்டது. உடனெழுதியோருட் பதின்மர் அம்முடிபினின்று விலகிக்கொண்டனர். எனினும் இதழ் அக்கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது 2010 இலேயே. அவ்வாண்டிலேயே வேக்பீல்டின் பெயர் வைத்தியர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளிற் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு ஊசியிட அஞ்சினர். அடங்கியிருந்த சின்னமுத்து அந்நாட்டில் மீண்டும் பரவிற்று. ஏட்டுரைக்குரிய பெயர் மாறினால் உயிர்ச்சேதம் இல்லை; இதனாற் குழந்தைகள் நோய்வாய்ப்பட்டனர். அளவு வேறாயினும், படிப்போன் வைத்த நம்பிக்கை பிழைபடுதல் இரண்டுக்கும் பொது.

இத்தகைய நிகழ்ச்சிகளாற் கற்றோர் விதிகளை எழுத்தில் வகுக்கத் தலைப்பட்டனர். வைத்திய இதழ்களின் பத்திராதிபர்கள் 1978 இல் வன்கூவர் நகரிற் கூடித் தொடங்கிய முயற்சி, யாரை ஆசிரியர் எனக் கூறலாம் என்பதற்கு இன்று நான்கு இலக்கணங்களைக் கூறுகின்றது. ஆய்விற் கணிசமான பங்கு கொண்டிருத்தல். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு கொண்டிருத்தல். அச்சாகும் இறுதி வடிவத்துக்கு உடன்பட்டிருத்தல். எழுதியவற்றுக்குப் பொறுப்பேற்றல் என்பன அவை. நான்கும் உடையாரே ஆசிரியர். திணைக்களத் தலைவர் என்னும் காரணத்தால் ஒருவர் பெயரைச் சேர்த்தலும், உழைத்த மாணவன் பெயரை விடுத்தலும் இவ்விலக்கணத்தின்படி குற்றங்களேயாம். இந்நான்காம் இலக்கணத்தையொட்டியே, செயற்கை நுண்ணறிவுப் பொறியை ஆசிரியராகக் கூறலாகாது என்றும், அதன் உதவியைப் பெற்றவர் அதனை வெளிப்படக் கூற வேண்டும் என்றும் விதித்துள்ளனர். பொறி பொறுப்பேற்க மாட்டாது அன்றோ?

1997 இல் பிரித்தானியாவிற் பத்திராதிபர் சிலர் கூடி அமைத்த வெளியீட்டறக் குழு, இன்று உலகெங்குமுள்ள இதழ்கள் சேரும் அமைப்பாயிற்று. இத்தகைய அமைப்புக்கள் வற்புறுத்துவனவற்றைச் சுருக்கிக் கூறின் பின்வருமாறு அமையும். எழுதுவோன் இல்லாத தரவைப் படைத்தலும், உள்ள தரவைத் திரித்தலும், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டலும், ஒரே கட்டுரையை ஒரே வேளையிற் பல இதழ்களுக்கு அனுப்பலும் ஆகா. முடிபைச் சாயச் செய்யத்தக்க பணவுதவி முதலியவற்றை வெளியிட வேண்டும். சோதிப்போன் தன் கையிலுள்ள வெளிவராத கட்டுரையின் கருத்தைத் தனதாக்கிக் கொள்ளலாகாது. தனக்குப் போட்டியாளன் என்பதனாற் காலந்தாழ்த்தலும் ஆகாது. பத்திராதிபர், வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாடின்றித் தீர்மானித்தல் வேண்டும். பிழை தெரிந்தால் திருத்தம் வெளியிடவேண்டும். கட்டுரையின் அடிப்படையே பழுதாயின் அதனை மீளப்பெறவேண்டும். மீளப்பெற்ற கட்டுரையைக் காணாமற் போக்குதல் கூடாது. மீளப்பெறப்பட்டது என்னும் குறிப்போடு அஃது அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். நம் முன்னோர் பிறர் சூத்திரங்களை அப்படியே எடுத்தாண்டனர். உரையாசிரியர்கள் நூற்பெயர் சுட்டாமலே மேற்கோள் காட்டினர். அவர்களையும் களவு செய்தோர் என்பீரோ எனச் சிலர் வினவுவர். அன்று கற்றோர் தொகை சிறிது. மூலங்கள் நெஞ்சிற் பாடமாயிருந்தன. எடுத்தாண்ட சூத்திரம் யாருடையது என்பது கேட்போர்க்குத் தெரியும். தெரியும் என்னும் உறுதியாலேயே பெயர் சொல்லாது விடுத்தனர். ஒளித்தற்கு விடுத்தாரல்லர். அவ்வாறு விடுத்ததனாற் பிற்காலத்தார் பட்ட துன்பம் சிறிதன்று. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் பெயர் கூறாது காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன எனத் தேடி நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது. 1887 இல் அந்நூலை வெளியிட்ட பின்னும் அவர் ஓயவில்லை. மேலும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1907 இல் திருத்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். பாடவேறுபாடுகளைக் குறித்தலும், ஏடு உதவினோரை நன்றியுடன் கூறுதலும் அவர் பதிப்புக்களின் இயல்பு. இன்று படிப்போர் தொகை பெரிது; மூலம் எது என்பது பலர்க்குத் தெரியாது. ஆகவே, அன்று மிகையாயிருந்தது இன்று கடமையாயிற்று.

நிற்க, விதிகள் பெருகியும் குற்றங்கள் குறைந்தில. காரணம், கட்டுரைகளின் எண்ணிக்கை பதவிக்கும் பட்டத்துக்கும் படிக்கல்லாயிற்று. எண்ணிக்கைக்குத் தேவை ஏற்படவே, பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் போலி இதழ்கள் தோன்றின. 2013 ஆம் ஆண்டில் ஜோன் போகன்னன் என்பார், இல்லாத விஞ்ஞானிகளின் பெயரில், வெளிப்படையான பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரையொன்றை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் பதினாயிரத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை ஹிந்தாவி என்னும் ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

அயல்நாடாகிய இந்தியாவிற் பல்கலைக்கழக மானியக் குழு இதனைத் தடுக்க முயன்றது. ஏற்புடையன எனத் தான் முன்னர்க் குறித்த இதழ்களுள் 4,305 ஐ 2018 மே மாதத்தில் நீக்கிற்று. அவ்வாண்டிலேயே, ஆய்வேட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் பிறர் எழுத்து ஒத்திருப்பின் திருத்தி மீள அளிக்க வேண்டும் என்றும், அறுபதுக்கு மேற்படின் ஆய்வு மாணவரின் பதிவையே நீக்கலாம் என்றும் விதி செய்தது; தரமான இதழ்களின் புதிய பட்டியல் ஒன்றையும் வகுக்கத் தொடங்கிற்று. 2025 பெப்ரவரியில் அப்பட்டியலையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே ஆராய்ந்து கொள்க என விட்டுவிட்டது. பட்டியல் எத்துணை நுண்ணிதாக வகுக்கப்படினும், அதனுள் நுழையும் வழியைப் போலிகள் கண்டுகொள்வர் என்பதே இவ்வனுபவம் காட்டுவது.

தமிழாராய்ச்சியும் இந்நோய்க்குப் புறம்பன்று. சில நாட்களில் அச்சிட்டுத் தருவோம், இத்துணை ரூபா அனுப்புக என்னும் அழைப்புக்கள் தமிழ் கற்பிப்போர் பலர்க்கும் வருகின்றன. இதழுக்குப் பன்னாட்டுத் தொடரெண் உண்டென்பதைப் பெரிய எழுத்திற் காட்டி மயக்குவாரும் உளர். அவ்வெண் இதழை அடையாளங் காண்பதற்காகக் கொடுக்கப்படுவது; வீட்டிலக்கம் போல்வது. வீட்டுக்கு இலக்கம் இருப்பதனால் வீட்டிலுள்ளார் நல்லார் என்பது பெறப்படாது.

ஆகவே, கட்டுரை எழுதும் இளைஞர், அதனை ஓர் இதழுக்கு அனுப்புமுன் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்வாராக. பத்திராதிபர் யாவர், அவர் அத்துறையில் அறியப்பட்டவரா? கட்டுரைகளைச் சோதிக்கும் முறை வெளிப்படக் கூறப்பட்டுள்ளதா? பணம் பெறுவதாயின் எதற்கு, எவ்வளவு என்பது முன்னரே தெரிவிக்கப்படுகின்றதா? அவ்விதழில் வந்த பழைய கட்டுரைகள் படிக்கத்தக்கனவா? திருத்தங்களும் மறுப்புக்களும் அதில் எப்போதேனும் வெளிவந்துள்ளனவா? பணம் பெறுதல் மாத்திரம் குற்றமன்று. படிப்போர்க்கு இலவசமாக அளிக்கும் நல்லிதழ்கள் சில எழுதுவோரிடம் செலவைப் பெறுவதுண்டு. ஐந்தாம் வினாவே தலையாயது. தன்பாற் பிழையே இல்லை எனக் காட்டும் இதழினும், பிழையைத் திருத்திக் காட்டும் இதழே நம்பத்தக்கது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதழ் நடத்தும் மரபும் புதியதன்று. கரம்பனூரிற் பிறந்த தனிநாயக அடிகளார் 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழாராய்ச்சியை உலக அறிஞர் முன் வைத்தார். நம் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்திற் சேர்த்துவைக்கும் நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி 2005 முதல் நடைபெறுகின்றது. முன்னர் ஒருவர் மேற்கோளைச் சரிபார்ப்பதற்குச் சென்னைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று பல மூலங்களை வீட்டிலிருந்தே காணலாம். திருடுதற்கு இணையம் வழி திறந்ததாயின், திருட்டைக் கண்டறிதற்கும் அதுவே வழி திறந்துள்ளது.

எனினும் இவ்வறம் பல்கலைக்கழக வாயிலில் தொடங்குவதன்று. வகுப்பறையில் ஒரு மாணவன் நூலொன்றைப் பார்த்துக் கட்டுரை எழுதிவரின், பார்த்து எழுதினாயா என அதட்டுதலோடு நாம் நின்றுவிடுகின்றோம். எந்நூலைப் பார்த்தாய், அதன் பெயரைக் கட்டுரையின் கீழ் எழுதுக எனக் கூறுதலே கற்பித்தலாகும். நூலைப் பார்த்தல் குற்றமன்று. பார்த்ததை மறைத்தலே குற்றம் என்பதைப் பன்னிரண்டு வயதில் அறிந்துகொண்டவன், நாற்பது வயதில் அதனை மறத்தல் அரிது. அண்ணனோ அயலவரோ உதவியிருந்தால் அவர் பெயரையும் எழுதப் பழக்கல் வேண்டும். மாணவன் ஆசிரியரின் பிழையொன்றைச் சான்றோடு காட்டினால் அவனை அடக்காது, ஆம், நீ கூறியதே சரி என வகுப்பறியக் கூறுதல் ஆசிரியர் கடமை. அவ்வகுப்பில் இருப்போருள் ஒருவன் நாளைக்கு ஓர் ஆய்விதழின் பத்திராதிபனாகலாம். தனக்கு மூத்தோரின் பிழையைத் திருத்தும் கட்டுரையொன்று அவன் மேசைக்கு வரும். அதனை அச்சிடுவதா, மறைப்பதா என அவன் துணியும்பொழுது, தன் ஆசிரியர் செய்ததையே நினைப்பான்.

சிறுப்பிட்டியார் பதிப்பித்த நூலின் பிழையை மதுரை இதழ் காட்டிற்று. சுன்னாகத்து அச்சிலேறிய நூல் அத்திருத்தத்தைத் தலைப்பிலே தாங்கிற்று. இம்மூன்றும் ஒரே கல்வித் தொண்டின் படிகள். நங் கல்லூரியின் பழைய மாணவர் எத்துறையில் எந்நாட்டிலிருந்து எழுதினும், எடுத்த இடத்தைக் கூறி, உதவினோர் பெயரைக் கூறி, திருத்துவோர்க்கு இடங்கொடுத்து எழுதுவாராக. நமக்கு ஏடு தேடித் தந்த முன்னோர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவேயாகும்.